காலில் உறையும் குருதி: சத்திரசிகிச்சை யாருக்கு, எப்போது?

காலில் காணும் வீக்கத்தை ஒரு நோயாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே குறைவு. கடலுக்குப் போனவருக்கு வள்ளத்தில் இடித்திருக்கும், வயலில் நின்றவருக்குத் தசை பிடித்திருக்கும், பிள்ளை பெற்றவளுக்கு நீர் கோத்திருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, நோவெண்ணெய் தடவி உருவிவிட்டுச் சில நாட்கள் பொறுத்துப் பார்ப்பதே மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரக் கிராமங்களிலும் காணப்படும் வழக்கமாகும். பெரும்பாலான வீக்கங்கள் அவ்வாறே வடிந்தும் விடுகின்றன. ஆயினும், வடியாத ஒரு சில வீக்கங்களுக்குள்ளே உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு நோய் மறைந்திருக்கின்றது. காலின் ஆழத்தில் உள்ள நாளங்களுக்குள் குருதி உறைந்து கட்டியாகும் நோயே அது. வைத்தியர்கள் இதனை ஆழ்நாளக் குருதியுறைவு என்பர்.

இந்நோய் உண்டென்று தெரிந்தவுடன் குடும்பத்தவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "அந்தக் கட்டியை வெட்டி எடுத்துவிட முடியாதா?" கொழும்புக்குக் கொண்டு சென்றால் சத்திரசிகிச்சை செய்து குணப்படுத்தி விடுவார்கள் என்று நம்புவோர் ஒருபுறம். சத்திரசிகிச்சை என்ற சொல்லுக்கு அஞ்சி வைத்தியசாலைக்கே போகாமல் இருந்துவிடுவோர் மறுபுறம். இந்த நம்பிக்கையும் அச்சமும் ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறப்பவை. காலில் குருதி உறைந்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. தேவைப்படும் சிலருக்கோ அது மணிக்கணக்கில் தீர்மானிக்கப்பட வேண்டியதொன்றாக இருக்கின்றது. இந்த இரண்டு உண்மைகளையும் எமது வாசகர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய் தோன்றும் விதம்

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்பவை நாடிகள். அதனை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருபவை நாளங்கள். கால்களை அடைந்த குருதி புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏறவேண்டும். அதற்குத் துணை நிற்பவை இரண்டு. ஒன்று, நாளங்களின் உள்ளே குருதியைக் கீழே விழவிடாது தடுக்கும் வால்வுகள். மற்றது, நடக்கும்போது சுருங்கி விரிந்து நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே தள்ளும் கெண்டைக்காற் தசைகள். நடை நின்றால் இந்தப் பம்பியும் நின்றுவிடுகின்றது. குருதி தேங்குகின்றது.

தேக்கம் மட்டுமே உறைவை உண்டாக்கி விடுவதில்லை. குருதியோட்டம் மந்தமடைதல், நாளத்தின் உட்சுவர் காயமடைதல், குருதி இயல்பிலும் கூடுதலாக உறையும் தன்மை பெறுதல் என்ற மூன்றும் தனித்தோ சேர்ந்தோ இந்நோயைத் தோற்றுவிக்கின்றன. ஜேர்மனிய மருத்துவ அறிஞர் ருடொல்ப் விர்ஹோவின் பெயரால் வழங்கும் இந்த மும்மை, 1856ஆம் ஆண்டு வெளியான அவரது ஆய்வுகளில் வேர்கொண்டது. இன்றும் வைத்திய மாணவர்களுக்கு முதற் பாடமாக இருப்பதும் அதுவே. அவர் பிறந்த ஒக்டோபர் 13ஆம் திகதியே 2014ஆம் ஆண்டு முதல் உலகக் குருதியுறைவு தினமாக அனுட்டிக்கப்பட்டு வருகின்றது.

எனவே, எவர் இந்நோய்க்கு ஆளாகக்கூடும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இடுப்பு, முழங்கால், வயிறு ஆகியவற்றில் பெரிய சத்திரசிகிச்சை செய்துகொண்டோர், எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் படுத்திருப்போர், புற்றுநோயாளர், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஆறு வாரங்களுக்கு உட்பட்ட தாய்மார், ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசைகளை உட்கொள்வோர், முன்னொரு முறை இந்நோய் வந்தோர், குடும்பத்தில் இந்நோய் உள்ளோர் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். நீண்ட பயணமும் ஒரு காரணமாகும். நான்கு மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட பயணத்தின் பின் உறைவு ஏற்படும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காக உயர்வதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 2007ஆம் ஆண்டில் தெரிவித்தது. அவ்வாறு உயர்ந்த பின்னரும் நலமுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே உள்ளது என்பதையும் அதே ஆய்வு கூறியது. மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கென ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்திறங்கி, அதே களைப்புடன் வாகனத்தில் ஏறி மன்னார் வரை அமர்ந்தே வரும் நம்மவர்கள் இதனை அஞ்சவேண்டியதில்லை. ஆனால் அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு காலிலேயே தோன்றுகின்றன. கெண்டைக்கால் அல்லது தொடை வீங்குதல், அழுத்தும்போது நோதல், தோல் சூடாதல், நிறம் சிவத்தல் அல்லது கருத்தல் என்பவை அவை. இடக்காலில் இது கூடுதலாகக் காணப்படுவதற்கு உடலமைப்பே காரணம். இடக்காலின் குருதியை ஏற்றிவரும் இடுப்பு நாளத்தை வலப்பக்க நாடி குறுக்கே அழுத்திச் செல்கின்றது. கர்ப்ப காலத்தில் இந்த அழுத்தம் மேலும் கூடுகின்றது. ஆகவே கர்ப்பிணியின் இடக்கால் மட்டும் வீங்கினால் அதனை வெறும் நீர்க்கோவை என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது.

இத்தகைய காலை எண்ணெய் பூசி அழுத்தி உருவுதல் கூடாது என்பதை இங்கே வலியுறுத்த விரும்புகின்றோம். உறைந்த கட்டியின் ஒரு துண்டு பெயர்ந்தால் அது குருதியோட்டத்துடன் இதயத்தின் வலப்புறத்தைக் கடந்து நுரையீரல் நாடியை அடைத்துக்கொள்ளும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியன அதன் குறிகள். காலில் தோன்றிய நோய் உயிரை எடுப்பது இந்த வழியாலேயே.

முதல் மருந்து கத்தியன்று

காலில் உறைந்த கட்டியை உடனே அகற்றவேண்டும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் கட்டி காலிலே இருப்பதைக் காட்டிலும் அது வளர்வதும் பெயர்வதுமே பேராபத்து. அந்த வளர்ச்சியைத் தடுத்துவிட்டால் உடலே தன்னிடமுள்ள கரைக்கும் ஆற்றலால் கட்டியை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கின்றது. குருதியுறைவெதிர் மருந்துகள் செய்வது இதனையே. குருதியை 'ஐதாக்கும்' மருந்து என்று நாம் பேச்சில் சொன்னாலும் அவை குருதியை நீர்ப்பதுமில்லை, கட்டியை நேரே கரைப்பதுமில்லை. புதிய உறைவு சேராமல் தடுக்கின்றன.

இவற்றுள் மூத்தது ஹெபரின். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் செய்த ஆய்விலிருந்து தொடங்கிய அதன் வரலாறு, 1930களில் கனடாவிலும் சுவீடனிலும் அது தூய்மையாக்கப்பட்ட பின்னரே நோயாளியின் படுக்கையை எட்டியது. இம்மருந்தின் பயனைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டிய பரிசோதனை 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்து வெளிவந்தது. நுரையீரல் அடைப்பு ஏற்பட்ட 35 நோயாளருள் 16 பேருக்கு மருந்து கொடுக்கப்பட்டது; 19 பேருக்குக் கொடுக்கப்படவில்லை. மருந்து பெறாதோருள் ஐவர் அந்த அடைப்பினாலேயே இறந்தனர். மருந்து பெற்றோருள் ஒருவரேனும் அதனால் இறக்கவில்லை. அதன்பின் மருந்து கொடாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது அறமன்று என்ற நிலை உருவாயிற்று.

இன்று தோலின் கீழ் ஏற்றும் எனொக்சபரின் போன்ற ஊசிகளும், வாயால் உட்கொள்ளும் வார்ஃபரின் குளிசையும், ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் போன்ற புதிய குளிசைகளும் இந்தப் பணியைச் செய்கின்றன. வார்ஃபரின் மலிவானது; ஆனால் அதன் அளவு நோயாளிக்கு நோயாளி வேறுபடும். ஐ.என்.ஆர். எனப்படும் குருதிச் சோதனையின் பெறுமானம் பொதுவாக இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்குமாறு அதனைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். முருங்கை இலை, வல்லாரை போன்ற கீரைகளை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் ஒன்றுமில்லாமலும் உண்டால் அந்த அளவு குலைந்துவிடும். கீரையைக் கைவிட வேண்டியதில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதுமானது. புதிய குளிசைகளுக்கு இந்தச் சோதனை வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கர்ப்பிணிகளுக்கு வார்ஃபரினும் புதிய குளிசைகளும் தவிர்க்கப்பட்டு ஊசி மருந்தே கொடுக்கப்படுகின்றது.

எந்த மருந்தாயினும் குறைந்தது மூன்று மாதங்கள் எடுக்கவேண்டும். வீக்கம் வடிந்துவிட்டது என்று மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுவதே நோய் மீள்வதற்குப் பெருங் காரணமாகின்றது.

சத்திரசிகிச்சை வழிகள்

அப்படியாயின் சத்திரசிகிச்சைக்கு இடமே இல்லையா? உண்டு. ஒவ்வொரு வழிக்கும் உரிய நோயாளி யார் என்பதை அறிந்துகொண்டால் குழப்பம் நீங்கும்.

முதலாவது, நாளத்தைத் திறந்து கட்டியை எடுத்தல். அரையில் ஒரு வெட்டு இட்டு, தொடை நாளத்தைத் திறந்து, நுனியில் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயை உட்செலுத்தி, பலூனை ஊதிப் பின்னிழுக்கும்போது கட்டியும் உடன் வெளியே வருகின்றது. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் தோமஸ் ஃபோகார்ட்டி 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தக் கருவி, அதுவரை கைகளால் பிழிந்தெடுத்து வந்த ஒரு வேலையை இலகுவாக்கியது. ஆயினும் எடுத்த இடத்தில் மீண்டும் உறைவு தோன்றுவதும் குருதியிழப்பும் இதன் குறைகள். ஆகவே இன்று இது பெரும்பாலும் ஒரு நிலைமைக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. தொடையிலும் இடுப்பிலும் நாளங்கள் முற்றாக அடைபட்டு, கால் பெருத்து வீங்கி, தாங்கமுடியாத வலியுடன் நீலம் பாரித்துவிட்ட நிலையே அது. வெளியேற வழியற்ற குருதியின் அழுத்தம் கூடி, ஈற்றில் நாடிக் குருதியும் காலுக்குள் இறங்க முடியாமற் போகின்றது. சில மணித்தியாலங்கள் தாமதித்தாலும் கால் அழுகிப்போகலாம். அழுத்தத்தைத் தணிக்கத் தசையைச் சுற்றியுள்ள உறையைக் கீறித் திறந்துவிடவும் சில வேளைகளில் நேர்கின்றது. அதுவும் தவறினால் காலைத் துண்டிப்பதே எஞ்சும் வழியாகும்.

இரண்டாவது, குழாய் வழியே மருந்து செலுத்திக் கரைத்தல். முழங்காலின் பின்புற நாளத்தினூடாக மெல்லிய குழாயைக் கட்டிக்குள்ளேயே செலுத்தி, கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிறிது சிறிதாக விடுகின்றனர். கட்டியை உடைத்து உறிஞ்சியெடுக்கும் கருவிகளும் இன்று வந்துள்ளன. வெட்டுக்காயமின்றிக் கட்டியை அகற்றும் இந்த முறை ஒரு காலத்தில் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. அதற்கு நியாயமும் இருந்தது. மருந்தால் மட்டும் சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு இருபது முதல் ஐம்பது பேர் வரை, வால்வுகள் பழுதடைந்து, நாட்பட்ட வீக்கம், கால்பாரம், தோல் கருத்தல், கணுக்காற் புண் ஆகியவற்றால் பிற்காலத்தில் வருந்துகின்றனர். கட்டியை விரைவில் அகற்றினால் வால்வுகள் தப்பும் அல்லவா?

இக்கேள்வியை இரண்டு பெரிய ஆய்வுகள் சோதித்தன. 209 நோயாளரைச் சேர்த்து நோர்வேயில் நடத்தப்பட்டு 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளின் பின் இத்தொல்லைகள் குழாய்ச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 41 பேருக்கும், மருந்து மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 56 பேருக்கும் காணப்பட்டன. நம்பிக்கை தரும் முடிவு அது. ஆனால் 692 நோயாளருடன் அமெரிக்காவில் நடந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இந்த எண்கள் முறையே 47, 48 என்று ஏறத்தாழச் சமமாக நின்றன. முதல் பத்து நாட்களில் பெருங் குருதிப்பெருக்கு ஏற்பட்டோர் குழாய்ச் சிகிச்சைப் பிரிவில் நூற்றுக்கு 1.7, மருந்துப் பிரிவில் 0.3. இடுப்பு நாளம் வரை அடைபட்டவர்களுக்குத் தொல்லைகளின் கடுமை சற்றுக் குறைந்தது என்பது மட்டுமே எஞ்சிய ஆறுதல். எனவேதான், அறிகுறி தொடங்கி இரு வாரங்களுக்குள் வந்த, இடுப்பு நாளம் அடைபட்ட, குருதிப்பெருக்கு அபாயம் குறைந்த, நெடுநாள் வாழ்வு எதிர்பார்க்கக்கூடிய நோயாளிகளைத் தெரிந்தெடுத்தே இன்று இது செய்யப்படுகின்றது. அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கோ, பிள்ளை பெற்றவருக்கோ, மூளையில் குருதி கசிந்தவருக்கோ கரைக்கும் மருந்து உயிராபத்தாக முடியலாம்.

மூன்றாவது, நாளத்தை விரித்து வலைக்குழாய் பொருத்துதல். கட்டியை அகற்றிய பின் இடுப்பு நாளம் நாடியின் அழுத்தத்தால் ஒடுங்கியிருப்பது தெரியவந்தால் அதனைப் பலூனால் விரித்து, மீண்டும் சுருங்காதிருக்க உலோக வலைக்குழாயைப் பொருத்துகின்றனர். இதய நாடிக்கு ஸ்டென்ட் வைத்தல் என்று நாம் கேள்விப்படுவதன் நாள வடிவமே இது.

நான்காவது, வடிகட்டி. வயிற்றினூடே இதயத்துக்கு ஏறும் கீழ்ப்பெருநாளத்தில் குடைக்கம்பி போன்ற ஒரு கருவியைப் பொருத்தி, காலிலிருந்து பெயர்ந்து வரும் கட்டியை இடைவழியில் மறிப்பதே இதன் நோக்கம். நாளத்தையே கட்டிவிடும் பழைய சத்திரசிகிச்சைக்கு மாற்றாக 1960களின் பிற்பகுதியில் இது தோன்றியது. 1973ஆம் ஆண்டு கிறீன்ஃபீல்ட் வடிகட்டி வந்ததுடன் பரவலாயிற்று. ஆனால் 400 நோயாளருடன் பிரான்சில் நடந்து 1998ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதன் இரு பக்கங்களையும் காட்டியது. முதற் பன்னிரண்டு நாட்களில் நுரையீரல் அடைப்பு வடிகட்டி வைத்தோருள் நூற்றுக்கு 1.1, வைக்காதோருள் 4.8. இரண்டு ஆண்டுகளின் பின் காலில் மீண்டும் உறைவு கண்டோரோ வடிகட்டி வைத்தோருள் 20.8, வைக்காதோருள் 11.6. இறப்பு விகிதத்தில் வேறுபாடில்லை. ஆகவே குருதிப்பெருக்கு முதலிய காரணங்களால் உறைவெதிர் மருந்தே கொடுக்க முடியாதவர்களுக்கு மட்டுமே வடிகட்டி உரியது. தேவை முடிந்ததும் அதனை எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2010ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. வடிகட்டி வைத்த நாளன்றே அதை எடுக்கும் நாளையும் வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நோயாளியின் உரிமை.

கடைசி எல்லையில் நிற்பது, நுரையீரல் நாடியைத் திறந்து கட்டியை எடுக்கும் சத்திரசிகிச்சை. 1908ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பிரெட்ரிக் திரெண்டலன்பேர்க் இதனை முயன்றார்; அவரது நோயாளிகள் பிழைக்கவில்லை. 1924ஆம் ஆண்டில் அவரது மாணவர் மார்ட்டின் கிர்ஷ்னரே முதலில் வெற்றி கண்டார். நுரையீரல் அடைப்பால் ஒரு பெண் கண்முன்னே இறந்துகொண்டிருந்ததை 1930களின் தொடக்கத்தில் இரவு முழுதும் அருகிலிருந்து பார்த்த ஜோன் கிப்பன் என்ற இளம் அமெரிக்க வைத்தியரின் எண்ணத்தில் உதித்ததே, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக இயங்கும் இயந்திரம். 1953ஆம் ஆண்டில் அவர் அதனை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். உலகெங்கும் நடக்கும் திறந்த இதயச் சத்திரசிகிச்சைகளுக்கெல்லாம் வித்திட்டது இந்த நோயே என்பது பலர் அறியாத செய்தி.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். காலில் தோலுக்கு அடியில் நரம்பு சுருண்டு புடைத்துத் தெரிவது வேறு நோய். அது மேலோட்டமான நாளங்களைச் சார்ந்தது. அதனை அகற்றும் சத்திரசிகிச்சை பரவலாகச் செய்யப்படுவது. 'நரம்பை எடுத்துவிட்டார்கள், சுகமாகிவிட்டது' என்று அயலவர் சொல்வதை நம்பி ஆழ்நாள உறைவுக்கும் அதையே எதிர்பார்த்தல் பொருந்தாது. ஆழ்நாளம் காலின் பிரதான வழி. அதை வெட்டி எறிந்துவிட்டு வாழ முடியாது.

மன்னாருக்கு வேண்டியது

மேற்சொன்ன வழிகளை மன்னாரின் நிலவரத்துடன் பொருத்திப் பார்க்கும்போதுதான் இக்கட்டுரையின் கவலை புலப்படும். நாளச் சத்திரசிகிச்சை நிபுணரும், கதிர்ப்படத்தின் துணையுடன் குழாய் செலுத்தும் வசதியும், தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒன்றுசேர்ந்த இடங்கள் நம் நாட்டில் சிலவே. கொழும்பு தேசிய வைத்தியசாலை மன்னாரிலிருந்து 300 கிலோமீற்றர் அளவு தூரத்தில் உள்ளது. அனுராதபுரமும் யாழ்ப்பாணமும் நூறு கிலோமீற்றருக்கு மேல். தலைமன்னாரில் நோயுறும் ஒருவர் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையை அடையவே தீவின் நீளத்தைக் கடக்கவேண்டும். அங்கிருந்து பெருநிலப்பரப்புக்கு ஒரே ஒரு தாம்போதி. தெற்கே சிலாவத்துறையிலும் அரிப்பிலும் வாழ்வோருக்கும் தூரம் குறைவன்று.

இந்தத் தூரத்தை நாளையே குறைத்துவிட முடியாது. ஆனால் அந்தத் தூரத்தை நோயாளி எந்த நிலையில் கடக்கின்றார் என்பது நம் கையில் உள்ளது. மருந்து ஏற்றப்படாமல் மூன்று நான்கு மணித்தியாலங்கள் வாகனத்தில் செல்லும் நோயாளியின் கட்டி வழியெங்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். முதல் ஊசி ஏற்றப்பட்ட பின் அதே பாதையில் செல்பவர் பாதுகாப்பின் பெரும்பகுதியைக் கையிலேயே கொண்டு செல்கின்றார். நான்கு மணித்தியாலத்துக்குள் ஸ்கேன் செய்ய இயலாதாயின், குருதிப்பெருக்கு அபாயத்தை ஆராய்ந்தபின் மருந்தைத் தொடங்கிவிட்டு, இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ஸ்கேன் செய்க என்பதே பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டு நெறியாகும். ஸ்கேனுக்குக் காத்திருக்கும் வசதி நிறைந்த நாட்டுக்கே இந்த அவசரம் பொருந்துமாயின், தீவுக்கு அது இருமடங்கு பொருந்தும்.

எனவே நாம் வேண்டுவது பெரிய கட்டடங்களை அல்ல. முதலாவதாக, சிறிய வைத்தியசாலைகளிலும் ஹெபரின் வகை ஊசி எந்நேரமும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நமக்கு, கையிருப்பு என்ற சொல்லின் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, நாளத்தை அழுத்திப் பார்க்கும் எளிய ஸ்கேன் முறையில் அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களுக்குப் பயிற்சி அளித்தல் வேண்டும். உறைவற்ற நாளம் கருவியால் அழுத்தும்போது தட்டையாகும், உறைவுள்ளது ஆகாது. நிபுணர் வரும் நாள் வரை காத்திராமல் இதனைக் கற்றுக்கொள்ளலாம். மூன்றாவதாக, நீலம் பாரித்த கால், மூச்சுத்திணறல் ஆகிய இரு குறிகளுள் ஒன்றேனும் இருப்பவரை வழமையான இடமாற்ற வரிசையில் வைக்காமல், நிபுணருடன் தொலைபேசியில் பேசி, நேரே உரிய இடத்துக்கு அனுப்பும் ஒழுங்கு வேண்டும். நிலைமைக்குப் பொருந்தாத இரண்டு வைத்தியசாலைகளை வழியில் தொட்டுச் செல்வதால் இழக்கப்படும் மணித்தியாலங்களை எந்தச் சத்திரசிகிச்சையும் திருப்பித் தராது.

நான்காவது, நாம் மிக முக்கியமாகக் கருதுவது, பிந்திய கண்காணிப்பு. வார்ஃபரின் எடுக்கும் பேசாலைத் தொழிலாளி ஐ.என்.ஆர். சோதனைக்காக ஒவ்வொரு முறையும் ஒருநாட் கடற்றொழிலை இழக்கவேண்டியிருந்தால், இரண்டு மூன்று முறை போவார், பின்பு நிறுத்திவிடுவார். நோய் மீண்டும் வரும். அதனை அவரது அசட்டை என்று எழுதிவிடுவது எளிது. விரல் நுனிக் குருதியில் இச்சோதனையைச் செய்யும் சிறு கருவிகள் உலகில் பழக்கத்துக்கு வந்து நெடுங்காலமாயிற்று. அவற்றைக் கிராமத்துக்கு அருகிலுள்ள சிகிச்சை நிலையங்களுக்குக் கொண்டுவருவதா, சோதனை வேண்டாத புதிய குளிசைகளை வசதியற்றோருக்கு இலவசமாகவே தொடர்ந்து கிடைக்கச் செய்வதா என்பதைச் சுகாதார அதிகாரிகள் கணக்கிட்டுத் தீர்மானிக்கட்டும். ஏதேனும் ஒன்று செய்யப்பட வேண்டும்.

மக்களின் பங்கும் சிறியதன்று. ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே காட்டுங்கள், உருவ வேண்டாம். மூச்சுத்திணறலும் சேர்ந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச நோயாளர்காவு வண்டியைப் பெறுங்கள். பிள்ளை பெற்ற தாயை நாட்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைக்கும் வழக்கத்தைக் குடும்பநல உத்தியோகத்தரின் ஆலோசனையுடன் மாற்றிக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சையின் பின் வைத்தியர் நடக்கச் சொன்னால், பாவம் என்று தடுக்காதீர்கள். உறைவெதிர் மருந்து எடுப்பவர் எந்த வைத்தியரிடம் சென்றாலும் அதை முதலில் சொல்லவேண்டும். உடல்நோவுக்குத் தாமாகக் குளிசை வாங்கி விழுங்குதல் கூடாது. தூண்டிலும் கத்தியும் புழங்கும் கைகளுக்குச் சிறு காயமும் நின்றுவிடாத குருதியாகலாம் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இந்நோயைக் கத்தியாலும் பலூனாலும் வடிகட்டியாலும் எதிர்த்துப் பார்த்து ஈற்றில் வந்தடைந்த முடிவு, பெரும்பாலோருக்கு உரிய நேரத்தில் கொடுக்கப்பட்ட மருந்தே போதும் என்பதுதான். பெருநகரிலிருந்து தொலைவில் வாழும் ஒரு சமூகத்துக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. தேவைப்படுவதில் பெரும்பகுதியை மன்னாரிலேயே தொடங்க முடியும். எஞ்சிய சிலரை, காலமும் காலும் இழக்கப்படுமுன், உரிய கைகளில் ஒப்படைக்கும் ஒழுங்கை ஏற்படுத்துவது ஆட்சியாளரின் கடமை. வீக்கத்தை மறைக்காமல் முதல் நாளிலேயே காட்டுவது நம் கடமை.